கூம்புத் தொட்டி: கீழ் வால்வை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது

வீட்டில் பீர் செய்யக் கூம்பு அடி வைத்த ஃபெர்மென்டரை (நொதித்தல் தொட்டியை) வாங்கிய புதிதில் எல்லோருக்கும் கை கீழ் வால்வுக்குத்தான் போகும். வண்டல் இறங்குவது தெரிகிறது, கீழே ஒரு வால்வும் இருக்கிறது. தினமும் கொஞ்சம் வடித்தால் பீர் சீக்கிரம் தெளியும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. 20 லிட்டர் பீருக்கு அந்த வால்வை மூன்று முறை திறந்தால் போதும். ட்ரை ஹாப் (நொதித்த பீரில் மணத்துக்காக ஹாப்ஸ் பூவைச் சேர்ப்பது) போட்டால் நான்கு. ஒவ்வொரு முறையும் 200 முதல் 500 மில்லி வரை போய்விடும். வெளியேறிய அளவுக்குத் தொட்டியின் மேற்பக்கம் காற்று நுழையப் பார்க்கும், வால்வின் வாயில் சர்க்கரைப் பசை ஒட்டிக் கிருமிக்கு இடம் கொடுக்கும். ஆகவே எத்தனை முறை என்பதைவிட எந்த நேரத்தில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில், கீழே இறங்குவது என்ன? வோர்ட்டைக் (நொதிக்கும் முன் இருக்கும் இனிப்பான மால்ட் சாற்றைக்) கொதிக்கவைக்கும்போது திரளும் புரதம், குளிரவைக்கும்போது திரளும் இன்னும் நுண்ணிய புரதம், ஹாப்ஸ் துகள் ஆகிய மூன்றும்தான் முதலில் அடியில் படியும். அதன் மேல், போட்ட ஈஸ்ட்டில் இறந்தவையும் அவசரமாகத் திரண்டு விழும் செல்களும் சேரும். நொதித்தல் முடியும் தறுவாயில் நல்ல ஈஸ்ட் பெருமளவில் இறங்கி வெண்ணிறமான நடு அடுக்காகும். கடைசியாக, சோம்பலாக மிதந்துகொண்டிருந்த செல்களும் மீதி ஹாப்ஸ் தூளும் மேலே படியும். தட்டையான வாளியில் இவை எல்லாம் ஒரே பரப்பில் விரிந்து கிடக்கும். கூம்பில் அவை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிவதால் தனித்தனியாக எடுக்க முடிகிறது. இந்தத் தொட்டியின் உண்மையான பயன் அதுதான்.

இது நடக்கக் கூம்பு செங்குத்தாக இருக்க வேண்டும். இரு பக்கச் சுவர்களுக்கும் இடையிலான கோணம் 60 முதல் 70 டிகிரி இருந்தால் ஈஸ்ட் வழுக்கி இறங்கும். அதைவிட விரிந்த கூம்பில் சுவரிலேயே ஒட்டி நிற்கும். எவ்வளவு வடித்தாலும் பாதி உள்ளேயே தங்கும். சுவரின் வழவழப்பும் முக்கியம். வெல்டிங் தழும்பு கூம்புக்குள் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வண்டல் நிற்கும். வாங்கும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வால்வைப் பொறுத்தவரை, நடுவில் தட்டு திரும்பும் பட்டர்ஃபிளை வால்வு எனக்கு உகந்தது. உள்ளே குண்டு சுழலும் பால் (ball) வால்வில் அந்தக் குண்டைச் சுற்றியுள்ள இடுக்கில் வோர்ட் தங்கிவிடும். ஒவ்வொரு பேட்சுக்கும் பிரித்துக் கழுவ முடிகிற மூன்று துண்டு வால்வாக இருந்தால் மட்டும் பால் வால்வைப் பயன்படுத்தலாம். அளவு குறைந்தது 1.5 அங்குலம். ட்ரை ஹாப் அதிகம் போடுபவர்களுக்கு 2 அங்குலம் இருந்தால் அடைப்புத் தொல்லை பெரிதும் குறையும்.

முதல் திறப்பு ட்ரப்புக்கு, அதாவது முதலில் படியும் அந்தப் புரதமும் ஹாப்ஸ் துகளும் சேர்ந்த வண்டலுக்கு. இதற்கு இரண்டு வழி உண்டு. வோர்ட்டைக் குளிரவைத்துத் தொட்டியில் இறக்கி, ஈஸ்ட் போடாமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, படிந்ததை வடித்துவிட்டு, அதன் பிறகு ஆக்சிஜன் ஏற்றி ஈஸ்ட் போடுவது ஒரு வழி. ஈஸ்ட் ஒரு துளியும் வீணாகாது என்பதால் இது சுத்தமான முறை. ஆனால் ஈஸ்ட் இல்லாத வோர்ட் கிருமிகளுக்குத் திறந்த வீடு. தொட்டியும் குழாயும் முறையாகச் சானிடைஸ் செய்திருந்தால் மட்டுமே செய்யலாம், இரவு முழுக்க அப்படியே விடக் கூடாது. ஈஸ்ட்டை உடனே போட்டுவிட்டு, நொதித்தல் சூடு பிடிப்பதற்கு முன், 12 முதல் 18 மணி நேரத்துக்குள் வடிப்பது இன்னொரு வழி. 10 டிகிரி செல்சியஸில் வைக்கும் லாகர் வகைப் பீருக்கு இது நன்றாக ஒத்துவரும். அது கிளம்பவே ஒரு நாள் பிடிக்கும். சீக்கிரம் கிளம்பும் ஏல் வகைப் பீருக்கு இந்த வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். ஏர்லாக் (வாயுவை வெளியே விடும் நீர்ப்பூட்டு) ஏற்கெனவே குமிழியிட்டால் விட்டுவிடுங்கள். வேகமாகத் திரண்டு விழும் ஆங்கில ஏல் ஈஸ்ட் என்றால் இரண்டாம் வழியே வேண்டாம். போட்ட ஈஸ்ட்டில் கணிசமான பங்கு ட்ரப்போடு வெளியே போய்விடும்.

20 லிட்டருக்கு 300 முதல் 500 மில்லி வரை வடித்தால் போதும். முதலில் பழுப்பும் பச்சையுமாகக் கட்டி கட்டியாக வரும், பிறகு நீர்க்கும். நிறம் மாறித் தெளிந்த வோர்ட் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தெடுக்கும் ஆசை வேண்டாம். ட்ரப்பில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களும் துத்தநாகமும் இருக்கின்றன. செல் சவ்வு கட்ட ஸ்டெரால் வேண்டும். அதை ஈஸ்ட் ஆக்சிஜனைக் கொண்டு தானே உருவாக்கும், வோர்ட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கண்ணாடி போல் வடிகட்டிய வோர்ட்டில் ஆக்சிஜனும் குறைந்தால் நொதித்தல் மந்தமாகும். மாறாக, ட்ரப் மிக அதிகமானால் பீரின் சுவை சீக்கிரம் பழசாகும், அறுவடை செய்யும் ஈஸ்ட்டும் அழுக்காகும். கொஞ்சம் தங்கினால் நல்லதுதான்.

நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது கீழ் வால்வைத் தொடவே வேண்டாம். அப்போது மேலெழும் கார்பன் டை ஆக்சைடு தொட்டி முழுவதையும் கலக்கிக்கொண்டிருக்கும். கூம்பில் நிலையாக எதுவும் படியாது. திறந்தால் வருவது வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட்டும் நொதிக்கும் வோர்ட்டும்தான்.

இங்கே ஈஸ்ட் சிதைவு பற்றிய பயத்தையும் தீர்த்துவிடலாம். அடியில் கிடக்கும் ஈஸ்ட் இறந்து உடைந்தால் பீரில் இறைச்சிக் குழம்பு, ரப்பர், சோயா சாஸ் மாதிரியான வாடை வரும் என்பது உண்மை. பல ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் கூம்பின் மேல் பல மீட்டர் உயரத்துக்குப் பீர் அழுத்துகிறது; நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஈஸ்ட் சூடாகிறது. அங்கே அது அவசரமான சிக்கல். 20 அல்லது 50 லிட்டர் தொட்டியில் அந்த அழுத்தமும் இல்லை, அந்த வெப்பமும் இல்லை. ஆரோக்கியமான ஈஸ்ட்டின் மேல் மூன்று நான்கு வாரம் பீர் இருந்தால் ஒன்றும் கெடாது. சிதைவுக்குப் பயந்து தினமும் வால்வைத் திருகுபவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

இரண்டாம் திறப்பு ஈஸ்ட் அறுவடைக்கு, அதாவது அடுத்த பேட்சுக்கு ஈஸ்ட் எடுத்துச் சேமிக்க. இது முந்திவிடக் கூடாது. அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்ட வேண்டும். அது மட்டும் போதாது, வெண்ணெய் வாடை தரும் டயசெட்டில் போயிருக்க வேண்டும். சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து மூடி, 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு முகருங்கள். சூடாக்காத மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெண்ணெய் வாடை எதிலாவது வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. லாகராக இருந்தால் 18 டிகிரி வரை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். டயசெட்டிலையும் பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடையும் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வது ஈஸ்ட்தான். அதை அவசரமாகக் குளிரவைத்து இறக்கி வெளியேற்றிவிட்டால் பிறகு செய்ய ஆளில்லை.

இரண்டும் தேறியதும் வெப்பத்தை 8 முதல் 10 டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் விட்டால் பெரும்பாலான ஈஸ்ட் கூம்பில் சேரும். அறுவடையை அடுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஈஸ்ட்டின் உயிர்ப்பு நாளுக்கு நாள் இறங்கும்.

வடிக்கும்போது அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வால்வை முழுக்கத் திறந்தால் நடுவில் இருக்கும் ஈஸ்ட் மட்டும் ஒரு துளையாக இறங்கும். அந்தத் துளை வழியே மேலிருக்கும் பீர் ஓடி வந்துவிடும். மாவு மில்லின் புனலில் நடு மாவு மட்டும் சரிந்து ஓர மாவு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி. ஜாடியில் நீர்த்த பீரைப் பார்த்து ஈஸ்ட் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். முக்கால்வாசி கூம்பின் சுவரிலேயே இருக்கும். ஆகவே வால்வைக் கால் பங்கு மட்டும் திறங்கள். கெட்டியான ஈஸ்ட் மெதுவாக, கயிறு போல் தடித்து இறங்க வேண்டும். திடீரென்று நீர்த்து வேகமெடுத்தால் உடனே மூடி, 20 அல்லது 30 நிமிடம் காத்திருங்கள். சுவரில் நிற்பது நடுவுக்குச் சரியும். ரப்பர் சுத்தியலால் கூம்பை வெளியிலிருந்து லேசாகத் தட்டினால் இன்னும் சீக்கிரம் சரியும். பிறகு மறுபடி கால் பங்கு. மூன்று தவணையில் எடுத்தால் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு: அடியில் இறுகிய ட்ரப் வால்வை அடைத்திருந்தால் கால் பங்கு திறப்பில் எதுவுமே வராது. அப்போது ஒரு நொடி அகலத் திறந்து உடனே கால் பங்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்த முதல் உந்துதலில் கட்டி உடைந்து வெளியே விழுந்துவிடும்.

நிறத்தைப் பார்த்துப் பிரியுங்கள். முதலில் வரும் பழுப்பு நிற ஈஸ்ட்டில் ட்ரப்பும் இறந்த செல்களும் அதிகம், அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு வரும் வெளிர்ந்த, வழவழப்பான, ரொட்டி மணக்கும் ஈஸ்ட்தான் வேண்டியது. அதைச் சானிடைஸ் செய்த ஜாடியில் பிடியுங்கள். நிறம் மங்கி நீர்க்கத் தொடங்கும் கடைசிப் பகுதி மெதுவாகத் திரளும் செல்கள். அதையே திரும்பத் திரும்பச் சேமித்தால் சில தலைமுறையில் உங்கள் ஈஸ்ட் தெளியவே தெளியாத ஈஸ்ட்டாக மாறிவிடும். முதலில் விழுந்ததை மட்டும் சேமித்தால் அதற்கு நேர் எதிர்: வேலை முடியும் முன்பே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஈஸ்ட் கிடைக்கும். நடுப்பகுதியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஜாடியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்காதீர்கள். உயிருள்ள ஈஸ்ட் குளிரிலும் வாயு விடும். இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடி வெடிக்கும். 1 முதல் 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுவது உத்தமம். இரண்டு வாரம் தாண்டினால் லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கரைத்த ஸ்டார்ட்டரில் (ஈஸ்ட்டை முன்கூட்டி வளர்க்கும் சிறிய வோர்ட்டில்) எழுப்பித்தான் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு போடுவது? ஏலுக்கு ஒரு மில்லி வோர்ட்டுக்கு, ஒரு பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரை அடர்த்தியின் அலகு) 7.5 லட்சம் செல்; லாகருக்கு அதன் இரு மடங்கு. 12 பிளேட்டோ வோர்ட் 20 லிட்டர் என்றால் ஏலுக்கு 18,000 கோடி செல். குளிரில் படிந்து இறுகிய ஈஸ்ட்டில் ஒரு மில்லிக்குத் தோராயமாக 100 கோடி செல் என்று கணக்கு வைத்தால் 180 மில்லி. பத்தில் ஒன்று இறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 200 மில்லி. லாகருக்கு 400 மில்லி. இந்த அளவு மேலே நிற்கும் பீரைச் சேர்க்காமல், அடியில் படிந்த கெட்டிக்கு மட்டும். நுண்ணோக்கி இருந்தால் மெத்திலீன் நீலம் விட்டுப் பாருங்கள். இறந்த செல்கள் நீலமாகும். பத்தில் ஒன்றுக்குள் நீலம் என்றால் நல்ல ஈஸ்ட், ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் கொட்டிவிடலாம்.

ஆல்கஹால் 7 சதவீதத்தைத் தாண்டிய பீரிலிருந்து ஈஸ்ட்டைச் சேமிக்க வேண்டாம், களைத்திருக்கும். ட்ரை ஹாப் போட்ட பிறகும் வேண்டாம். ஹாப்ஸின் பிசின் செல் சுவரில் படிந்துவிடும். சேமித்த ஈஸ்ட்டை அடுத்தடுத்த பீர்களில் போடும்போது வெளிர் நிறத்திலிருந்து கருநிறத்துக்கு, லேசானதிலிருந்து கடுமையானதுக்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து அதிகமானதுக்கு என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள்.

இனி காற்று. தொட்டியிலிருந்து அரை லிட்டர் வெளியே போனால் அரை லிட்டர் ஏதோ ஒன்று உள்ளே வந்தாக வேண்டும். மேலே ஏர்லாக் இருந்தால் அதிலிருக்கும் திரவம் பீருக்குள் உறிஞ்சப்படும், பின்னாலேயே காற்று வரும். நொதித்தல் தொடங்கும் முன் நடக்கும் முதல் திறப்பில் காற்றால் கெடுதி இல்லை. ஈஸ்ட் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆனால் அறுவடையின்போதும் அதற்குப் பிறகும் அது பீரைப் பழசாக்கும், ஹாப்ஸ் மணத்தைத்தான் முதலில் கொல்லும். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, மேலே கார்பன் டை ஆக்சைடு குழாயை இணைத்து, 1 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் வைத்துக்கொண்டு வால்வைத் திறங்கள். அதற்கு மேல் தேவையில்லை; அழுத்தம் கூடினால் அந்த நடுத்துளை இன்னும் சீக்கிரம் விழும். உங்கள் தொட்டி அழுத்தம் தாங்குவதா என்று முதலில் பாருங்கள். பல எளிய தொட்டிகள் எந்த அழுத்தத்துக்குமே வடிவமைக்கப்பட்டவை அல்ல.

அடியில் கழற்றும் குப்பி வைத்த பிளாஸ்டிக் தொட்டிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வால்வை மூடி, குப்பியைக் கழற்றிக் கொட்டி, காலியாக மாட்டி வால்வைத் திறந்தால், குப்பியிலிருந்த காற்று முழுவதும் ஒரே குமிழியாகப் பீரின் நடுவே மேலெழும். படிந்த வண்டலையும் கிளப்பிவிடும். 600 மில்லி குப்பி என்றால் 600 மில்லி காற்று. நொதித்தல் முடிந்த பிறகு குப்பியைத் திரும்ப மாட்டுவதாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடை ஊதிக் காற்றைத் துரத்திவிட்டு மாட்டுங்கள், அல்லது வால்வை மூடியபடியே விட்டுவிடுங்கள். அழுத்தத்தில் நொதிக்கவைத்தால், கழற்றும் முன் குப்பியின் அழுத்தத்தை வெளியேற்றாமல் திருகைத் தொடாதீர்கள்.

ட்ரை ஹாப் என்றால் ஹாப்ஸுக்கு முன் ஈஸ்ட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெல்லட்டுகள் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ்) ஈஸ்ட் சேற்றில் புதைந்து எண்ணெய் பாதி வீணாகும். 14 அல்லது 15 டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் விட்டு, ஈஸ்ட்டை வடித்து, பிறகு ஹாப்ஸைப் போடுங்கள். தொட்டியில் அழுத்தம் இருந்தால் அதை மெதுவாக இறக்கிவிட்டு, முதலில் ஒரு சிட்டிகை பெல்லட் மட்டும் போட்டுப் பாருங்கள். வாயு கரைந்த பீரில் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் நுரை மேல் மூடி வழியே பொங்கிப் பாயும். ஹாப்ஸிலேயே நொதிப்பொருள்கள் (என்சைம்கள்) உண்டு. அவை ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக உடைக்கும். அதனால் நொதித்தல் மறுபடி சற்றே தொடங்கி டயசெட்டிலும் திரும்ப வரலாம். இரண்டு மூன்று நாளில் மறுபடி முகர்ந்து பார்த்து, சுத்தமாக இருந்தால் மட்டும் குளிரவைத்து ஹாப்ஸை வடியுங்கள்.

ஹாப்ஸ்தான் வால்வை அடைக்கும் முதல் குற்றவாளி. முழு ஹாப்ஸைக் கூம்புத் தொட்டியில் போடவே வேண்டாம், பெல்லட் மட்டும். அடைத்துவிட்டால் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். வால்வின் வாயைச் சானிடைஸ் செய்து, அதில் கார்பன் டை ஆக்சைடு குழாயை மாட்டி, மேலே காற்றுப்போக்கி திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, 3 முதல் 5 பிஎஸ்ஐயில் ஒரு நொடி கீழிருந்து ஊதுங்கள். கட்டி உடைந்து மேலெழும். பாதி நாள் காத்திருந்தால் மறுபடி படியும், இந்த முறை தளர்வாக.

கடைசித் திறப்பு கோல்ட் கிராஷுக்குப் (பீர் தெளிய அதை உறைநிலைக்கு அருகே குளிரவைப்பது) பிறகு. 0 முதல் 2 டிகிரியில் இரண்டு மூன்று நாள். ஈஸ்ட் செல்லின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான். ஒரு துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 10 மடங்கான கட்டி கிட்டத்தட்ட 100 மடங்கு வேகத்தில் இறங்கும். ஆகவே தெளிவது என்பது பெரிதும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பொறுத்தது; அதற்கு வோர்ட்டில் லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது கால்சியம் வேண்டும். ஜெலட்டின் போடுவதாக இருந்தால் 20 லிட்டருக்கு 3 முதல் 5 கிராம், 65 முதல் 70 டிகிரி நீரில் கரைத்து, பீர் நன்றாகக் குளிர்ந்த பிறகு.

குளிரவைக்கும்போது தொட்டி உள்நோக்கி இழுக்கும். மேலே உள்ள வாயு சுருங்கும், அதில் ஒரு பகுதி பீரில் கரையும். மூடிய மெல்லிய ஸ்டெயின்லெஸ் தொட்டி உள்பக்கமாக நெளிந்துபோகும், பிளாஸ்டிக் தொட்டி நசுங்கும். கார்பன் டை ஆக்சைடை 1 அல்லது 2 பிஎஸ்ஐயில் இணைத்து வைத்துவிட்டுத்தான் வெப்பத்தை இறக்க வேண்டும். உள்ளே சுருள் வைத்துக் குளிரவைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவும்: பீர் சுமார் 2, 3 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே இறக்கினால் மிகக் குளிர்ந்த பகுதி மேலே ஏறும், கூம்பு மட்டும் ஓரிரு டிகிரி சூடாகவே நிற்கும். தெர்மாமீட்டர் மேலே இருந்தால் இது தெரியவே தெரியாது. கூம்பின் வெளிப்பக்கத்தைக் காப்புறையால் சுற்றுங்கள்.

கிராஷ் முடிந்ததும் கீழே ஒரு முறை வடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ராக்கிங் கை (தெளிந்த பீரை எடுக்கும், திருப்பக்கூடிய வளைந்த குழாய்) வழியாகக் கெக்குக்கு (பீர் வைக்கும் கலனுக்கு) மாற்றலாம். கையின் வாய் முதலில் மேல்நோக்கி இருக்கட்டும். பீர் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருப்புங்கள். அதற்குள் தங்கிய வண்டலோடு வரும் முதல் 100, 200 மில்லியைத் தனியாகப் பிடித்துவிடுங்கள். மொத்தத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கழிவாகும்; கெக்கில் 19 லிட்டர் வேண்டுமென்றால் தொட்டியில் 21 லிட்டர் இறக்கித் தொடங்குங்கள், ட்ரை ஹாப் என்றால் 22.

ஒவ்வொரு திறப்புக்கு முன்னும் பின்னும் வால்வின் வாயில் சானிடைசரைத் தெளித்து, உள்ளே தங்கிய பசையைக் கழுவி, மூடி போட்டுவிடுங்கள். பேட்ச் முடிந்ததும் வால்வை அந்த நேரத்திலேயே கழற்றிப் பிரித்து, ரப்பர் வளையத்தை வெளியே எடுத்து, சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பட்டர்ஃபிளை வால்வின் தண்டு நுழையும் இடத்தில் வளையத்துக்குப் பின்னால் பழுப்பு நிறப் படலம் கட்டும்; வால்வை மாட்டியபடி எவ்வளவு சுடுநீர் ஓட்டினாலும் அது போகாது. விரல் நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு அது இருந்தால், அந்த வளையத்தை மாற்றிவிட்டே அடுத்த வோர்ட்டை இறக்குங்கள்.